வெள்ளிங்கிரியின் கால்

“மிதிச்சேன்க்கா. அல்லா மேல ஆணையா மிதிச்சேன்.”

அபுதாகிர் இதைச் சொல்வது ஐந்தாவது தடவை. முதல் நான்கு தடவையும் உறுதியாகச் சொன்னவன், இந்த முறை சொல்லிவிட்டு நித்யகலாவின் முகத்தைப் பார்த்தான். மிதித்தது நிஜமா என்று அவளிடம் கேட்பது போல இருந்தது.

காலை பதினோரு மணி. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவளுடைய பட்டறையில் கிரீஸ் வாடையே கிடையாது. நித்யகலா ஸ்பானரைத் தொட்டு வருஷங்கள் ஆகின்றன. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அவள் தொழில். எஞ்சினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும், பெடலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் வர வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குகளை மாற்றி எழுதுவாள். பெட்ரோலுக்குப் பதிலாக வந்த எத்தனால் லிட்டர் முன்னூறு ரூபாயைத் தாண்டிய பிறகு கோயம்புத்தூர் டாக்ஸிக்காரர்கள் கோயிலுக்குப் போகிறார்களோ இல்லையோ, அவளிடம் வந்துவிடுவார்கள்.

அபுதாகிருக்கு முப்பத்து நான்கு வயது. பதினோரு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறான், ஒரு கீறல் விழுந்ததில்லை. முந்தாநாள் திருச்சி சாலையில், நிறுத்தியிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து சைக்கிளில் வந்த எட்டாம் வகுப்புப் பெண்ணை அடித்துவிட்டான். பெயர் ரிதன்யா. இடுப்பெலும்பு நொறுங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான், பிரேக் போடவே தாமதமாகிவிட்டது என்று போலீஸ் எழுதிவிட்டது.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உள்ள வெச்சாலும் வெப்பாங்க” என்றான். “லாரிக்கு அடியில சைக்கிள் வீல் தெரிஞ்சுதுக்கா. அத பாத்த உடனே மிதிச்சேன். ஆனா வண்டி நிக்கல. ரெண்டு நாளா தூங்காம யோசிச்சு யோசிச்சு, இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. நீங்க மாட்டுன பிளக் வண்டியிலதான் இருக்குது. அதப் பாத்து சொல்லுங்க. மிதிச்சனா, இல்லையா?”

அந்த பிளக் ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் விரல் நீளச் சமாச்சாரம். தான் மாற்றிய காரைப் பட்டறையில் உட்கார்ந்தபடியே பார்ப்பதற்காக நித்யகலா எல்லா வண்டியிலும் ஒன்று மாட்டிவிடுவாள். திரையில் அவனுடைய காரைத் திறந்து, முந்தாநாள் மாலை நாலு முப்பத்தேழுக்குப் போனாள்.

இரண்டு கோடுகள் இருந்தன. மேல் கோடு கால், கீழ்க் கோடு பிரேக். மேல் கோடு சட்டென்று செங்குத்தாக ஏறியிருந்தது. மனிதன் உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறான். கீழ்க் கோடு அசையாமல் படுத்திருந்தது. பூஜ்யம் புள்ளி நாலு நொடி கழித்துத்தான் அது எழுந்தது.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் பதினெட்டு அடி போயிருக்கும்.  அந்தப் பெண்ணின் ஞாபகம் நித்யகலாவுக்கு இரண்டாவதாகத்தான் வந்தது, முதலில் வந்தது தன் ஞாபகம். இதற்காக அவள் பின்னால் ரொம்ப வெட்கப்பட்டாள்.

“நீ மிதிச்சிருக்கற” என்றாள்.

அபுதாகிர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கையை எடுக்காமலே, “அப்ப ஏன்க்கா நிக்கல?” என்று கேட்டான்.

“இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் டைம் குடு. சொல்றேன்.”

“ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா? ரைட்டர் நம்பர் தர்றேன். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க.”

நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவளிடம் ஓர் ஊகம் இருந்தது. அது ஆயுத பூஜையிலிருந்து தொடங்குகிறது.

சிங்காநல்லூர் டாக்ஸி ஸ்டாண்டில் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு லிட்டர் போட்டி நடக்கும். டேங்கை வடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு லிட்டர் அளந்து ஊற்றுவார்கள். பல்லடம் சாலையில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வர வேண்டும். நல்ல ஓட்டுநர்களின் பழமெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோமீட்டரில் கிடக்கும். வெள்ளிங்கிரியின் பழம் மட்டும் பல்லடத்தையும் தாண்டி முப்பத்தொன்றில் இருக்கும். அதுவும் மூன்று வருஷம் தொடர்ந்து. ஸ்டாண்டில் அவருக்கு ‘பஞ்சுக்கால்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

போன ஆயுத பூஜை முடிந்ததும் நித்யகலா அவருடைய காரிலிருந்து மொத்தக் கணக்கையும் பிரதி எடுத்தாள். மனிதர் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் காலத்துக் கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. பிரேக்குக்கும் கிடையாது. கால் சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்டு, தனக்குச் சரியென்று பட்டபடி செய்யும். தானே ஓடும் வண்டிகளுக்கு நம்மூர்த் தெருக்களில் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே பாதி வேலையைக் காரும் மீதியை மனிதனும் பார்க்கிறார்கள். யார் எந்தப் பாதி என்பதுதான் இருவருக்கும் தெரியாது. ஓட்டுகிறவரின் காலைப் பார்த்துப் பார்த்து கார் ஓர் அட்டவணையை எழுதிக்கொள்ளும். தொழிலில் இதற்குப் பழக்க அட்டவணை என்று பெயர். ஒரு காரின் கணக்கை இன்னொன்றுக்கு மாற்றும்போது எரிபொருள் கணக்கை வைத்துக்கொண்டு, பழக்க அட்டவணையைத் துடைத்துவிட வேண்டும். ஒருவர் படுத்த தலையணையை உறை மாற்றாமல் இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம் இல்லையா, அது போலத்தான். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

நித்யகலாவும் துடைத்தாள். மைலேஜ் இருபத்து நாலுதான் வந்தது. துடைக்காமல் போட்டுப் பார்த்தாள், முப்பத்தொன்று வந்தது. அதை இழக்க அவளுக்கு மனசில்லை. அட்டவணை புது ஆளின் காலுக்கு ஏற்ப மாறிவிடாதபடி ஒரு பூட்டும் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். நல்ல கால் ஒருவருக்கு வாய்த்தால் அதை ஊருக்கே கொடுத்தால் என்ன என்றுதான் நினைத்தாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

முரளீதரன் அவளோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பெடல் பிரிவில் இருக்கிறான். அட்டவணையை அவனுக்கு அனுப்பிவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே திரையைப் பார்த்தான். பாதியில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

“நித்யா, இது யாரு காலு?”

“எங்க ஸ்டாண்டுல ஒருத்தரு. பூ மாதிரி மிதிப்பாரு. மைலேஜுல அவர அடிச்சுக்க ஆளில்ல.”

“பூவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்த ஆளுக்கு வலது கால் மரத்துப் போயிருக்கு.”

நித்யகலாவுக்குப் புரியவில்லை.

“சர்க்கரை முத்திப் போனா பாதத்துல உணர்ச்சி போயிரும்” என்றான் முரளி. “பெடல் மேல கால் இருக்கா, பக்கத்துல இருக்கான்னே தெரியாது. தேவையில்லாத நேரத்துல அழுத்தும். தேவையான நேரத்துல லேட்டா அழுத்தும், அதையும் கண்டபடி அழுத்தும். கார் ரெண்டு மாசம் இதப் பாக்குது. அப்பறம் ஒரு முடிவுக்கு வருது. இந்தக் காலை நம்பக் கூடாதுன்னு.”

“நம்பாம?”

“கால் திடீர்னு அழுத்தினா, வேணும்னு அழுத்துதா, தெரியாம விழுந்துதான்னு பாக்க அரை நொடி கிட்ட காத்திருக்கும். மத்த வேலையெல்லாம் கேமராவ வெச்சு அதுவே பாத்துக்கும். முன்னாடி போறவன் பிரேக் போடறதுக்கு முந்தியே எத்தனாலைக் குறைச்சுரும். சிக்னல் மாறறதுக்கு முந்தியே உருட்டி விட்டுரும். முப்பத்தொண்ணு எங்கிருந்து வந்துதுன்னு நெனச்ச? அது அந்த மனுசன் குடுத்த மைலேஜ் இல்ல. அந்த மனுசனுக்குப் பயந்துக்கிட்டு கார் குடுத்த மைலேஜ்.”

“இத நல்ல காலுக்குப் போட்டா?”

“நல்ல காலையும் நம்பாது. எப்பவும் ஒண்ணும் ஆகாது, கேமரா பாத்துக்கும். கேமராவுக்கு முந்தி மனுசன் ஒண்ணைப் பாத்துட்டான்னு வெய்யி, அன்னிக்கு அவன் கதை முடிஞ்சுது.”

லாரிக்கு அடியில் தெரிந்த சைக்கிள் சக்கரம். 

“கார் இதக் கண்டுபிடிக்கும்னு உங்க கம்பெனிக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஓட்டறவங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா?”

“டாக்டர் வேலை பாக்க நமக்கு லைசென்ஸ் இல்லேன்னு வக்கீல்கள் சொல்லிட்டாங்க” என்றான் அவன். பிறகு மெதுவாக, “எத்தனை வண்டியில போட்டிருக்க?” என்றான்.

அவள் பேனாவை எடுத்தாள். காகிதத்தில் எழுதிக் காட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

முரளி எழுந்து நின்றுவிட்டான். “நித்யா, இப்பவே எடு. ஒவ்வொரு வண்டியும் எழுதி வெச்ச குறிப்பக் காப்பி பண்ணிக்க, பின்னாடி கேப்பாங்க. ஆனா எடு. இன்னிக்கே எடு.”

பன்னிரண்டரை மணிக்கு எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே செய்தி போயிற்று. கம்ப்யூட்டரில் கோளாறு, உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கவும். வண்டி நின்றால்தான் எழுத முடியும். ஒவ்வொன்றாக நிற்க நிற்க, வெள்ளிங்கிரியின் அட்டவணையை அழித்து, கம்பெனி கொடுத்த வெற்று அட்டவணை அதில் ஏறிக்கொண்டது. அது எந்தக் காலையும் அப்படியே நம்பும். அந்த வேலை தானாக நடக்கட்டும் என்று விட்டுவிட்டு நித்யகலா ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

வெள்ளிங்கிரி காருக்குள் உட்கார்ந்து சர்க்கரை போடாத டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“வா கண்ணு. என்னமோ மெசேஜ் வந்துதாமா? எனக்கு வரல.”

“உங்குளுது உங்க சொந்த அட்டவணை. அதனால வரலீங்கண்ணா.” எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டாள். “வலது கால் எப்பிடி இருக்குதுங்?”

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“யார் சொன்னா? ஊட்டுக்காரியா?”

“எத்தனை நாளாச்சுங்?”

“மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. பஞ்சு மேல நடக்கறாப்ல இருக்கும். போன கார்த்திகையில ஒருநா பொழுதோட ஊட்டுக்குப் போனேன். ஊட்டுக்காரி கேக்கறா, ஏனுங்க ஒத்தச் செருப்போட வந்திருக்கறீங்கன்னு. எங்க உழுந்துதுன்னே தெரியல கண்ணு. கெரகம், அப்பிடியே முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்திருக்கறேன்.”

“அதுக்கப்புறமுமா ஓட்டுனீங்க?” குரல் தன்னை அறியாமல் உயர்ந்துவிட்டது.

“கோவிச்சுக்காத. நடக்கறதுக்குத்தான் மரத்திருக்குது, ஓட்டறதுக்கு மரக்கலேன்னு நெனச்சேன். நீயே சொல்லு. கால் செத்தவன் வருசா வருசம் ஜெயிப்பானா? போன தடவ ஜெயிச்சதும், ஒடம்பு தேறிப்போச்சுன்னு மாத்திரையவே நிறுத்திப்போட்டேன்.”

நித்யகலா எல்லாவற்றையும் சொன்னாள். அபுதாகிரை, அந்தப் பெண்ணை, பதினெட்டு அடியை, நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகளை. வெள்ளிங்கிரி டீ கிளாஸை டாஷ்போர்டில் வைக்கப் போய், அது சாய்ந்து சட்டையெல்லாம் கொட்டியது. துடைக்கவில்லை.

“என்ற காலையா?” என்றார். “என்ற காலையா நானூறு பேருக்கு மாட்டி உட்டுட்ட?”

“தெரியாமப் பண்ணிட்டேனுங்கண்ணா.”

அவர் குனிந்து பெடல் பக்கம் பார்த்தார். யாரோ அங்கே விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அப்ப இத்தன வருசமா ஓட்டுனது நானில்லையா?”

 அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து, இறங்குவதற்கு முன் எந்தக் காலைத் தரையில் வைக்கிறோம் என்று பார்த்து வைத்தார். பட்டறை வரைக்கும் அவளோடு நடந்து வந்தார். 

மூன்று மணிக்கு முடிந்தது. ஸ்டேஷனில் நிற்கும் அபுதாகிரின் காரைத் தவிர நானூற்றுப் பதினொன்றும் சுத்தம். சில பேர் போன் செய்து வண்டி முன்னைவிடக் குதிக்கிறது என்று குறைப்பட்டார்கள். பழகிவிடும் என்றாள். மைலேஜ் குறையுமா என்று கேட்டவர்களிடம் குறையும் என்றாள். திட்டினார்கள். திட்டு இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இனி அபுதாகிருக்காக ஸ்டேஷனுக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். போனால் பட்டறை போய்விடும், அவளும் உள்ளே போகலாம். நாளை காலை வரைக்கும் நேரம் இருக்கிறது.

அந்தச் சமாதானத்தோடுதான் காப்பி எடுத்து வைத்த குறிப்புகளைத் திறந்தாள்.

அட்டவணைக்குப் பூட்டுப் போட்டாலும் காரின் வாயை அடைக்க முடியாது. தான் வைத்திருக்கும் அட்டவணையும் மிதிக்கிற காலும் ஒத்துப்போகாத நாளில், கார் அதை ஒரு வரியாகக் குறித்து வைக்கும். அபுதாகிரின் காரில் நூற்று நாற்பத்து மூன்று நாளும் அந்த வரி இருந்தது. கால் பொருந்தவில்லை. கால் பொருந்தவில்லை. விபத்து நடந்த அன்று காலையும் எழுதியிருந்தது. மற்ற வண்டிகளிலும் அப்படியே. இத்தனை கார்கள் தினமும் அவளிடம் முறையிட்டிருக்கின்றன. அவள் மைலேஜ் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசிப் பக்கங்களில் வரிகள் குறைந்தன. பிறகு வெறும் பெயர்களாக வந்தன. எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. பிளக் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து ஒன்றைச் சோதித்தாள், நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் நன்றாக இருந்தது. மொத்தம் அறுபத்து மூன்று வண்டிகள்.

பொருந்தாவிட்டால்தான் கார் எழுதும்.

“அண்ணா” என்றாள். பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். “இங்க வாங்க” என்றாள்.

வெள்ளிங்கிரி வந்து அவள் தோளுக்கு மேல் குனிந்து பெயர்களைப் படித்தார். பாதிப் பேர் தெரிந்தவர்கள். “இவுனுக எல்லாம் என்ன பண்ணுனானுக?” என்று கேட்டார்.

“உங்க கால் இவங்களுக்கு அப்படியே பொருந்தியிருக்குதுங்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நித்யகலாவுக்கு அதைவிடப் பெரிய இடி ஒன்று அதற்குள் இறங்கியிருந்தது. இந்த அறுபத்து மூன்று பேருக்கும் அந்த அட்டவணைதான் இத்தனை நாளும் காலாக இருந்திருக்கிறது. அதைத்தான் அவள் மத்தியானம் பிடுங்கி எறிந்திருக்கிறாள். காலை அப்படியே நம்பும் காரில், நம்ப முடியாத காலோடு, இந்த நேரத்தில் அவர்கள் ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பப் போட்டுவிடலாமா? போட்டால் இன்றைக்குத் தப்பிப்பார்கள், நாளைக்கும் ஓட்டுவார்கள். எப்படியும் வண்டி நிற்க வேண்டும். திரையில் அறுபத்து மூன்றில் ஐம்பத்தெட்டு வண்டிகளுக்கு எதிரே பச்சை எரிந்தது, ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். நிறுத்தச் சொல்லி மறுபடியும் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். ஒருவரும் நிறுத்தவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை சவாரியை விட யாருக்கு மனசு வரும்?

முதல் பெயர் சஞ்சீவ்.

“அவுனுக்கு இருவத்தொம்பதுதான் ஆச்சு” என்றார் வெள்ளிங்கிரி, தரையிலிருந்தபடியே.

மணி அடித்ததும் எடுத்துவிட்டான். “அக்கா, நானே கூப்புடலாம்னு இருந்தேன். மத்தியானம் என்ன பண்ணீங்க? வண்டி திமிறுது. ரெண்டு எடத்துல இடிக்கப் பாத்தேன்.”

“எங்க இருக்கற?”

“காந்திபுரத்துல. சவாரி போய்ட்டிருக்கறேன்.”

“ஓரங்கட்டு சஞ்சீவ். உன்ற வலது கால்...”

“பின்னாடி ஆள் இருக்காங்க்கா.” குரல் சட்டென்று தணிந்தது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்பாடா, நிறுத்திவிட்டான். “யார் சொன்னது? வீட்ல பேசுனீங்களா?”

“உன்ற வண்டி சொல்லுது. கால் மரத்துப் போய் எத்தனை நாளாச்சு?”

“ஒரு வருசம் இருக்கும்.”

“ஒரு வருசமா தெரிஞ்சுமா மைலேஜ் கூட்டணும்னு எங்கிட்ட வந்த?”

“மைலேஜுக்கா?” அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “மைலேஜுக்கு யாருக்கா வந்தா? வியாழக்கெழம ஆஸ்பத்திரி சுகர் ஓ.பி. வரிசையில சொன்னாங்க. சிங்காநல்லூர்ல ஒரு அக்கா ஒரு ஃபைல் போடுவாங்க, அதப் போட்டா காலு பழையபடி ஆயிரும், வண்டி நம்ம கால் சொல்றதுக்குக் காத்திருக்காதுன்னு. நாங்க பத்துப் பன்னண்டு பேரு ஒண்ணாத்தான வந்தோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்க்கா. தெரிஞ்சுதான் பெரிய மனசு பண்ணி, வெளிய சொல்லாம போட்டு உடறீங்கன்னு நெனச்சோம்.”

நித்யகலா பட்டியலில் அடுத்த பெயர்களைப் பார்த்தாள்.

“அதத் திரும்பப் போட்டுருங்க்கா. நிறுத்தித்தான் இருக்கறேன்.”

“போடறேன். ஆனா அதோட நீ ஓட்டக் கூடாது. சாவிய எடுத்துட்டு ஆட்டோல இங்க வா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வேற வழி பாக்கலாம்.”

“சாவியவா?” என்றான் சஞ்சீவ். “பாப்பாவுக்கு ரெண்டு வயசுக்கா. எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?”

“சஞ்சீவ், கேளு...”

அவன் போனைத் துண்டித்துவிட்டான். திரையில் முதல் வரிசையில் அணைந்திருந்த பச்சை மறுபடியும் எரிந்தது.

“குடு, நான் பேசறேன்” என்று எழுந்தார் வெள்ளிங்கிரி. “என்ற பேச்சக் கேப்பானுக.”

“நீங்க பேசிட்டே இருங்க” என்று தன் இன்னொரு போனை அவரிடம் கொடுத்தாள். “ஒருத்தர் ரெண்டு பேர் கேப்பாங்க. அறுவத்து மூணு பேரும் கேக்க மாட்டாங்க.” அபுதாகிர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்தாள். நாளைக் காலை வரைக்கும் இருப்பதாக அவள் நினைத்திருந்த நேரம் தீர்ந்துவிட்டது. இனி யோசித்தால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

“ரைட்டர் சபரிநாதன்” என்றது மறுமுனை.

“சார், என் பேரு நித்யகலா. சிங்காநல்லூர்ல கார் கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன். அபுதாகிர் கேஸ் விசயமா பேசறேன். அவரு பிரேக் மிதிச்சாரு. சரியான நேரத்துல மிதிச்சாரு. வண்டிதான் கேக்கல. அதுக்குக் காரணம் நான் போட்ட ஃபைல். ரெக்கார்டு எங்கிட்ட இருக்குது, கொண்டு வந்து தர்றேன். என் மேல கேஸ் எழுதிக்குங்க.”

பேனா எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், “அது நாளைக்கு ஆகட்டும் சார். இப்ப அவசரம் வேற. அறுவத்து மூணு வண்டி நம்பர் தர்றேன், ஒடனே வயர்லெஸ் மைக்ல சொல்லி நிறுத்தச் சொல்லுங்க. ஓட்டறவங்களுக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. சுகர். நான் போட்டிருந்த ஃபைல் அத மறைச்சுட்டிருந்துது. மத்தியானம் அதையும் எடுத்துட்டேன்” என்றாள்.

“சொல்லுங்க மேடம்.”

அவள் படிக்கத் தொடங்கினாள். எழுதும் ஓசை கூடவே வந்தது. பக்கத்தில் வெள்ளிங்கிரி யாரிடமோ, “எனக்கும் அப்பிடித்தான்டா, நானும் யார்கிட்டயும் சொல்லல” என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நம்பரில் எழுதும் ஓசை நின்றது.

“சார்?”

“ஒரு நிமிசம் மேடம்.” நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் பேசியது வேறு குரலில். “நம்பரெல்லாம் இப்ப மைக்ல சொல்லிர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அந்த ஃபைல், வேன்லயும் போட முடியுங்களா?”

“எந்த வேன்?”

“ஸ்கூல் வேன்ங்க. எங்கப்பா ஓட்டறாரு. அவருக்கும் இப்பிடித்தான், காலு... சுகர் ஓ.பி.யில யாரோ சொன்னாங்கன்னு ரெண்டு வாரமா உங்க அட்ரஸக் கேட்டுட்டு இருக்காரு. நாந்தான் ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.”

நித்யகலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே கால்.

“இப்ப உங்கப்பா எங்க சார் இருக்காரு?” என்று கேட்டாள்.

 பள்ளிக்கூடங்கள் விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.